ஆளுக்கொரு ஷிப்ட், நடுவில் நாய்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு கோடையில், ஒரு சனிக்கிழமை, நானும் என் மனுசனும் எங்கள் நாயும் காம்பர் வானில் சுற்றுலாப் போனோம். சுற்றுலா என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. மேற்கே மலையும் ஏரியுமாக இருக்கிற இடத்துக்கென்று வெளிக்கிட்டவர்கள், கனடாவில் நாங்கள் இருக்கிற மொன்றியல் தீவின் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் எங்கள் கலியாண வாழ்க்கையில் நாங்கள் போன ஒரே நெடும்பயணம் என்று நான் நினைப்பது அதைத்தான்.

முதலில் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் வேலை சென்ட் லோரன்டில். அவர் விமானத்துக்கு உதிரிப்பாகம் கடைகிற தொழிற்சாலையில், நான் மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிற லைனில். வில்லரேயில் எங்கள் வீட்டு முனையிலிருந்து ஒரே பஸ்தான் போகும். ஒருநாளாவது அந்த பஸ்ஸில் நாங்கள் ஒன்றாகப் போனது கிடையாது. எனக்குக் காலை ஷிப்ட், அவருக்குப் பின்னேர ஷிப்ட். பிள்ளைகள் சிறிசாக இருந்த காலத்தில் கார்தெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் விடுவதற்கு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பாலுக்கு அழுகிற பிள்ளையை வேற்று ஆட்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்கு மனம் வந்திராது. அதனால் இங்கே எங்கள் சனத்தில் பாதிப்பேர் செய்கிற ஏற்பாட்டை நாங்களும் செய்தோம். ஒருவர் வர ஒருவர் போவது.

எங்கள் வீடு மேல்மாடி. மொன்றியலில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி இருக்கும். நான் வேலை முடிந்து படியேற, அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார். நடுப்படியில் பிள்ளை கை மாறும். மாரியில் அந்த இரும்புப் படி உறைந்து வழுக்கும். அப்போதும் நடுப்படியில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல், ஃபிரிட்ஜில் மீன் இருக்கு, ரெலிபோன் பில் வந்திருக்கு. படியில் நின்று சொல்லி முடிகிற அளவுக்குத்தான் எங்கள் கதை. அவர் நடுச்சாமம் கழித்து வரும்போது நான் நித்திரை. நான் விடியப்புறம் எழும்பிப் போகும்போது அவர் நித்திரை. சனிக்கிழமைகளில் அவருக்கு ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், பூசை முடிந்து யாராவது ஒருவரின் பிள்ளைக்குப் பிறந்தநாள், வாடகைக்கு எடுத்த ஒரு ஹோல், ஒரு கேக். ஆம்பிளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவர் பின்வரிசைக் கதிரையில் இருந்தபடியே உறங்குவார்.

பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். மகள் கலியாணம் கட்டி ரொறன்ரோவில். மகன் படிக்க ஒட்டாவாவுக்குப் போனான். போகும்போது, பள்ளிக்கூட நாளில் அழுது வாங்கின மண்ணிற நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். பிள்ளைகளுக்காகத் தொடங்கின ஷிப்ட், பிள்ளைகள் போன பிறகும் அப்படியே ஓடியது. அவருடைய ஃபோர்மன் பகல் வேலை கொடுக்கிறானில்லை என்று நான் நம்பியிருந்தேன். முகம் தெரியாத அந்த ஃபோர்மனை நான் பூசை நேரத்தில்கூடத் திட்டியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி, நான் படியேற அவர் படியிறங்கி வந்தார். நடுப்படியில் நின்று, "பகல் ஷிப்ட் தரலாமாம். திங்கட்கிழமை பதில் சொல்லட்டாம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் முனைக்கு வந்துவிட்டது. அவர் ஓடிப்போய் ஏறினார்.

நான் சாப்பாட்டுப் பையோடு அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். என்ன பதில் சொல்லப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. ஓம் என்று சொன்னால், இனி எங்களுக்கு மிச்சமிருக்கிற வருசங்களில் பின்னேரங்கள் இருக்கும். ஒரு மேசையில் இரண்டு சாப்பாட்டுக் கோப்பை இருக்கும். இல்லை என்று சொன்னால், இரண்டு பேரில் ஒருவருக்கு முடியாமல் போகிறவரைக்கும் இந்தப் படிதான். இப்படி ஒரு விசயத்தைப் படியில் நின்று கதைத்து முடிக்க ஏலாது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு முழு நாள் வேண்டும். அவர் எழும்பி ஓட முடியாத ஒரு இடம் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் என்னோடு லைனில் நிற்கிற கெபெக்காரப் பெண் தன்னுடைய காம்பரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ஜூலை கடைசியில் கட்டட வேலைக்காரரின் விடுமுறை என்று இந்தக் கெபெக் மாகாணமே பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். என்னுடைய தொழிற்சாலையும் அந்த வியாழக்கிழமையோடு பூட்டு, அவருடையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் வருசா வருசம் அந்த வண்டியில்தான் கடலுக்குப் போவாள். அந்த வருசம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து வீட்டில் கிடந்தாள். வண்டி சும்மா நிற்கிறது, ஒரு நாளாவது ஓடட்டும் என்றாள். கியர் மாற்றி ஓடுகிற பழைய வண்டி. ஊன்றுகோலோடு வந்து பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, வெறுமையாகக் கிடந்த தொழிற்சாலைத் தரிப்பிடத்தில் என்னைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டவிட்டாள். நான் கிளச்சைக் கொல்வதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவரைச் சம்மதிக்க வைத்தது வேறு கதை. சனிக்கிழமை ஓவர்டைமுக்குப் போகாவிட்டால் தொழிற்சாலை இடிந்து விழுந்துவிடும் என்பது போலத்தான் அவர் முகத்தை வைத்திருந்தார். நாயைக் காட்டினேன். பாவம், இந்த வீட்டையும் தெருவையும் தவிர அது வேறென்ன கண்டது என்றேன். நாய்க்காக ஓம் என்றார். நான் கேட்டதற்காக இல்லை என்பதை அப்போதே கவனித்து மனதில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்தேன், சொதி வைத்தேன், ஆட்டிறைச்சிக் கறியை வற்றவிட்டு இறக்கினேன். முட்டை அவித்தேன். நாய்க்கு மீன்தலை போட்டுத் தனிச் சோறு. பானையும் சட்டியுமாக ஒவ்வொன்றாகப் படியிறக்கி வண்டியில் ஏற்றினேன். வண்டிக்குள்ளே ஒரு அடுப்பும் சின்னச் சிங்க்கும் இருந்தன. மேசையை மடித்தால் கட்டில். ஒரே நாள் பயணத்துக்கு நான் ஒரு கிழமைச் சாமான் ஏற்றிவிட்டேன் என்று அவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கும்போதே கண் செருகிக்கொண்டு போயிற்று. முதல் நாள் இரவும் வேலை முடிந்து நடுச்சாமம் கழித்துத்தான் வந்தவர்.

"நீங்கள் படுங்கோ. நான் வானை ஓடுறன்" என்றேன்.

அவர் படுக்கவில்லை. முன்சீட்டில் இருந்து, வரைபடத்தை மடியில் விரித்தபடியே உறங்கினார். நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பின்னால் போய், அவர் கழற்றிவிட்ட செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து அவருடைய காலடியில் போட்டது. பிறகு கதவைப் பார்த்தது. அவர் அசையவில்லை. மற்றச் செருப்பையும் கொண்டுவந்து போட்டது. முனகியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டிலும் இதுதான் அதன் வேலை. பின்னேரம் நான் தெருமுனைக்கு வந்ததும் அது அவருடைய வேலைச் சப்பாத்தைக் கவ்விக்கொண்டு வந்து அவரிடம் கொடுக்கும். என்ன புத்தி என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றால் ஒருவர் போக வேண்டும். போகாவிட்டால் ஏதோ பிழை. அந்த வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் இருந்தது அதைப் படாதபாடு படுத்தியது. அவர் எழும்பாததைக் கண்டு என்னுடைய சப்பாத்தை இழுக்கத் தொடங்கியது. கிளச்சில் இருக்கிற காலிலிருந்து.

ஒரு கையால் நாயைத் தள்ளி, ஒரு கையால் கியரை மாற்றி, பெருந்தெருவில் லொறிகளுக்கு நடுவே அந்த வண்டியை ஓட்டினேன். மணிக்கட்டு இரண்டும் வலித்தது. வருசக்கணக்காகப் போத்தல் அடுக்கின கை அது. தீவின் மேற்குப் பக்கத்துப் புவாண்ட்-கிளேர் கடைகள் தெரிந்தபோது இனி என்னால் முடியாது என்று வந்துவிட்டது. வெளியேறும் பாதையைப் பிடித்து, ஏரி தெரிகிற பக்கமாக விட்டு, மரங்களுக்குக் கீழே ஒரு தரிப்பிடத்தில் நிற்பாட்டினேன். நாயைக் கொஞ்சம் நடத்திவிட்டுத் திரும்ப எடுப்போம் என்றுதான் நினைத்தேன். நடத்திக்கொண்டு வந்தேன். அவர் இன்னும் உறக்கம். எழுப்பிக் கதைக்கலாமா என்று பின் இருக்கையில் போய் இருந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் வண்டியின் மற்றப் பக்கத்துக்குப் போயிருந்தது. எனக்குக் கழுத்து பிடித்திருந்தது. அவர் முன்சீட்டில் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் நடுவில் நின்றபடியே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அது படுக்கவே இல்லை போல.

எங்கே நிற்கிறோம் என்று கேட்டார். புவாண்ட்-கிளேர் என்றேன். வரைபடத்தைப் பார்த்தார். வீட்டிலிருந்து விரல் நகத்தளவு தூரம். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, "இதுவும் தண்ணிதானே. இஞ்சையே இருப்பம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவரை எனக்கு அப்போது நிறையப் பிடித்தது. பக்கக் கதவைத் திறந்துவிட்டோம். ஏரிக்காற்று வந்தது. பாய்மரப் படகுகள் வெள்ளை வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு குடும்பம் பாணுக்கு நடுவே எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தது. நான் சொதியைச் சூடாக்கினதும் அவர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையை உயர்த்தி "bonjour" சொன்னார். அவர்களுக்கும் ஒரு தட்டு கொடுக்கலாமா என்று யோசித்துப் பிறகு உறைப்பை நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். அவர் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் ஊறப் போட்டுவிட்டுக் கறியை முதலில் தின்கிறவர் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பும் அப்படித்தானா தெரியாது. நான் சமைத்து மூடி வைப்பேன், அவர் நடுச்சாமத்தில் சாப்பிடுவார், விடிய நான் கோப்பையைக் கழுவுவேன். கோப்பையை வைத்து அவருடைய பசியை எனக்குத் தெரியும். சாப்பிடுகிற விதம் தெரியாது.

நாய் மறுபடியும் செருப்போடு வந்தது. அவர் வாங்கி மேலே பலகைத் தட்டில் வைத்தார். அது என்னுடையதைத் தேடிப் போயிற்று.

இனியும் பொறுத்தால் பின்னேரமும் போய்விடும் என்று நான் கேட்டேன். திங்கட்கிழமை என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. அவர் கையை நக்கினார். தண்ணீரைப் பார்த்தார்.

"முந்தியும் ரண்டு தரம் கேட்டவை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எப்போது என்றேன்.

"மகள் கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு ஒருக்கா. பேந்து போன மாரியிலை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டனான்."

என் கையில் முட்டை இருந்தது. அதை வைத்துவிட்டேன். மகள் போன பிறகு வந்த அத்தனை பின்னேரங்களும் என் கண்ணுக்கு முன்னே வந்தன. ரீவிக்கு முன்னால் நின்றபடி சாப்பிட்டது. நாயோடு கதைத்தது. உரத்துச் சிரிக்க வேண்டிய ஒன்றைப் பார்த்து, பக்கத்தில் ஆளில்லாததால் சிரிக்காமல் விட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் அந்த ஃபோர்மனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனுசன் பாவம், இரண்டு தரம் கேட்டிருக்கிறான்.

ஏன் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

காசுக்காக என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்து முடித்திருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"பகல் வேலையெண்டால் பின்னேரம் முழுக்க வீட்டிலை நிக்க வேணும். பிள்ளையளும் இல்லை. உம்மோடை இருந்து என்னத்தைக் கதைக்கிறது எண்டு எனக்குப் பயமாக் கிடந்தது."

"ஏன், நான் என்ன கடிக்கிறனானே?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, ஓம் என்றா, தெரியவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பத்து மாசம் சுமந்து பெற்ற இரண்டு பிள்ளைகளையும் படியில் வைத்து வாங்கிக் கொடுத்து வளர்த்தவள் நான். என்னைக் கண்டு பயமாம். சண்டை பிடிக்கக்கூட உடம்பில் தென்பில்லை. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கி நடந்தேன். நாயைக் கூப்பிட்டேன். அது வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே வந்த நாய், பெரிதாக ஒரு மூச்சை விட்டு, அவருடைய காலடியில் சுருண்டு படுத்துக் கண்ணை மூடியது. ஒருவர் போயாயிற்று. அதன் உலகம் சரியாகிவிட்டது.

அதைப் பார்த்தபிறகு அழாமல் இருக்க என்னால் முடியவில்லை. கரையோரமாக அழுதுகொண்டே நடந்தேன். சைக்கிளில் வந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள். கரையில் கிடந்த ஒரு மர வாங்கில் குந்தினேன். தண்ணீர் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது.

கோபத்தில் ஒருவிதப் போட்டி வைத்தேன். சரி, அவருக்குத்தான் கதைக்க ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறதே. திங்கட்கிழமை தொடங்கிப் பின்னேரம் பின்னேரம் வீட்டில் நிற்கட்டும், நான் என்னென்ன கதைப்பேன் என்று யோசித்தேன். ஃபிரிட்ஜில் மீன் இருக்கு. பில் வந்திருக்கு. மகன் ரெலிபோன் எடுத்தான். கீழ்வீட்டுக்காரி குப்பையை எங்கள் பக்கம் வைக்கிறாள். அதற்கு மேல் வரவில்லை. எல்லாம் படியில் சொல்லி முடிகிற கதைதான். இன்னும் யோசித்தேன். அவருக்கு என்ன பிடிக்கும், வேலையில் பக்கத்து மெஷினில் யார், நடுச்சாமத்தில் பஸ்ஸில் வரும்போது என்ன நினைத்துக்கொண்டு வருவார். எனக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மிஞ்சினது களைப்பு மட்டும்தான்.

வெயில் சாய்ந்த பிறகு திரும்பி வந்தேன். பக்கத்துக் குடும்பம் போய்விட்டது. அவர் கோப்பை சட்டியெல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தார். நாய் எழும்பி என் கையை மணந்துவிட்டுத் திரும்பப் படுத்தது. இரண்டு பேரும் நிற்பதைக் கவனிக்கிற தென்பு அதற்கும் போய்விட்டது போல.

அவர் அந்தச் சின்ன அடுப்பில் தேத்தண்ணீர் வைத்திருந்தார். ஒரு கப்பை என் கையில் தந்தார். அவர் போட்ட தேத்தண்ணீரைக் கடைசியாக எப்போது குடித்தேன் என்று நினைவில்லை. எங்கள் வீட்டில் அவரவர் எழும்புகிற நேரத்துக்கு அவரவர் போட்டுக் குடிப்பது. பெரிய மிடறாக ஒன்று குடித்தேன். பாயசம் மாதிரி இனித்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீர் மூண்டு கரண்டி போடுறனீர்தானே?"

கலியாணம் கட்டின புதிதில் போட்டேன். அதற்குப் பிறகு எனக்குச் சீனி வருத்தம் வந்து, டொக்டர் சொல்லி, ஒரு கரண்டியும் போடாமல் குடிக்கப் பழகி, அதுவே வாய்க்கு ருசியாகிப் போய்விட்டது. தினமும் காலையில் மாத்திரை போடுகிறேன். அந்த மாத்திரை குளியலறை அலுமாரியில் அவருடைய சவரக்கத்திக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். சண்டைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்த கப்பை மெதுவாக வாங்கி, தண்ணீர்ப் பக்கமாக ஊற்றினார். வெறும் கப்போடு வண்டிப் படியில் குந்தினார்.

"திங்கட்கிழமை ஓம் எண்டு சொல்லுறன்" என்றார். "நீர் எனக்கு ஒண்டொண்டாச் சொல்லித் தாரும்."

நான் வண்டிப் படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கேயிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். எவ்வளவோ கிடந்தது.

"இண்டைக்கு ஏலாது" என்றேன். "நல்லாக் களைச்சுப் போனன். நாளைக்குத் தொடங்குவம்."